மருந்தியல் கனவும் நாம் சொல்லும் இரண்டு பொய்களும்

எசு.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே காட்சிதான் அரங்கேறுகிறது. பத்து ஏ பெற்ற பிள்ளைகளின் படங்கள் நாளேடுகளை அலங்கரிக்கின்றன. அவர்களுக்கு மெட்ரிகுலேசனில் இடம் கிடைத்ததா என்று தலைவர்கள் அறிக்கை விடுகிறார்கள். பத்து ஏ பெற்றவர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என்று 2024ஆம் ஆண்டில் பிரதமரே அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால், கோல சிலாங்கூர் தொடங்கி சபாக் பெர்ணம் வரையிலான நம் தோட்டப்புறங்களில் பத்து ஏ பெறும் பிள்ளைகள் எத்தனை பேர்? கணிதத்தில் சி, உயிரியலில் டி, வேதியியலில் இ என்று பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைக்காக யார் அறிக்கை விடுகிறார்கள்?

நான் எழுத வந்தது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். சுங்கை ஆயர் தாவாரில் ஆசிரியராக இருக்கும் என்னிடம், ஆண்டுதோறும் முன்னாள் மாணவர் ஒருவராவது கேட்கும் கேள்வி இது: "ஐயா, நான் மருந்தியல் படிக்கலாமா?" மதிப்பெண் குறைந்த பிள்ளை இப்படிக் கேட்டால் நம்மவர் இரண்டே விடைகள் வைத்திருக்கின்றனர். இரண்டுமே பொய்!

முதல் பொய்: "உன்னால் முடியாது"

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாமே, ஆசிரியர்களும் உறவினர்களும். பதினேழு வயதில் எழுதிய ஒரு தேர்வைக் கொண்டு எழுபது வயது வரைக்குமான தீர்ப்பை எழுதிவிடுகிறோம். எசு.பி.எம். தேர்வைத் தனியார் தேர்வராக மீண்டும் எழுதலாம் என்பதை எத்தனை ஆசிரியர்கள் மாணவனிடம் எடுத்துச் சொல்கிறோம்? ஆறாம் படிவம் என்ற ஒன்று அரசாங்கப் பள்ளிகளில் இருக்கிறதே, அதைப் பற்றி எத்தனை பெற்றோர் விசாரிக்கிறார்கள்? எசு.தி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரித்து நடத்தப்படுகிறது. ஒரு பருவத்தில் சறுக்கினால் அதனைத் திரும்ப எழுதித் தேற வழியுண்டு. அந்தச் சான்றிதழைக் கொண்டு பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டில் முதன்முதலில் மருந்தியல் பட்டக்கல்வியைத் தொடங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

ஆறாம் படிவம் கடினமானது என்று அஞ்சுகிறார்கள். கடினமானதுதான். நான்காண்டு மருந்தியல் படிப்பு அதைவிடக் கடினமானது. ஆறாம் படிவ வேதியியலுக்கு அஞ்சுகிறவர், மருந்தியலின் வேதியியலை எப்படிக் கடப்பார்?

இரண்டாம் பொய்: "எல்லாம் எளிது, கையெழுத்துப் போடுங்கள்"

முதல் பொய்யால் மனம் உடைந்த குடும்பத்தைத் தேடி வருவது இரண்டாம் பொய். சென்ற ஆண்டு ஒரு தந்தை ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. "நம்ம பொண்ணு பார்மசிஸ்ட் ஆயிடும்னு சொல்றாங்க ஐயா, கடனும் அவங்களே எடுத்துத் தர்றாங்களாம்" என்றார். தாளைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளை அங்கி அணிந்த பெண்ணின் படம் பெரிதாக இருந்தது. 'டிப்ளோமா' என்ற சொல் மட்டும் மிகச் சிறியதாக இருந்தது.

பெற்றோர்களே, இதனைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். மருந்தியல் டிப்ளோமா பெற்றவர் மருந்தாளர் ஆகமாட்டார். மருந்தாளரின் உதவியாளராகவே பணியாற்ற முடியும். அது மதிப்பான வேலைதான். அதை விரும்பிச் செல்பவரை நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்பதற்குப் பெயர் கல்வியன்று, ஏமாற்று. 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்படி மருந்தியல் வாரியத்தில் பதிவு பெற்றவரே மருந்தாளர். அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பின் பயிற்சியும் சட்டத் தேர்வும் உண்டு.

பணத்தையும் கணக்கிடுவோம். தனியார் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பட்டம் பெற ஒரு நூறாயிரம் வெள்ளிக்கு மேல் செலவாகும். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. அப்படியானால், அந்த ஊதியம் பெறும் ஒரு தொழிலாளி உண்ணாமல் உடுத்தாமல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சேர்க்கும் பணம் அது! பி.தி.பி.தி.என். கடன் பெரும்பாலும் முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டுவதில்லை. எஞ்சியது நகைக்கடையிலும் வட்டிக்காரரிடமும் புரட்டப்படுகிறது. பிள்ளை இரண்டாம் ஆண்டிலேயே தோற்று வெளியேறினாலும் கடன் வெளியேறாது.

பட்டம் பெற்றால் அரசாங்க வேலை உறுதி என்பதும் பழங்கதை. மருத்துவர்களைப் போலவே மருந்தாளர்களையும் 2016 திசம்பர் முதல் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தத் தொடங்கினார்கள். விளம்பரத் தாளில் இதுவும் இருக்காது.

தகுதி ஏன் தேவை?

"மூன்று கிரெடிட் உள்ள பிள்ளையையும் சேர்த்துக்கொண்டால் என்ன, ஏழைப் பிள்ளைக்கு வாய்ப்பு வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமோல் மருந்துநீர் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் என்ற அளவிலும், 250 மில்லிகிராம் என்ற அளவிலும் விற்கப்படுகிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமென்றால், முதல் புட்டியிலிருந்து 7.5 மில்லிலிட்டர். இரண்டாம் புட்டியிலிருந்து 3.6 மில்லிலிட்டர்தான். புட்டியை மாற்றி எடுத்து அதே 7.5 மில்லிலிட்டரை ஊற்றினால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 375 மில்லிகிராம். இரு மடங்கைவிட அதிகம்! அந்தக் குழந்தையும் ஓர் ஏழையின் குழந்தையாக இருக்கலாம். ஆகவே, நுழைவுத் தகுதியைத் தளர்த்துவது ஏழைக்குச் செய்யும் உதவியாகாது.

ஆசிரிய நண்பர்களே, மேலே உள்ள கணக்கை மீண்டும் பாருங்கள். அது விகிதக் கணக்கு. நம் தமிழ்ப்பள்ளியில் படிநிலை இரண்டில் நாம் கற்பிக்கும் பாடம். பதினேழு வயதில் வேதியியலில் இ வாங்கும் பிள்ளையின் தடுமாற்றம் பல வேளைகளில் பதினோரு வயதில் தொடங்கியிருக்கும். விகிதம் புரியாத பிள்ளைக்கு மோல் கணக்கு எப்படிப் புரியும்? யு.பி.எசு.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போனதென்று விகிதக் கணக்கும் போய்விடலாமா?

பிறகு என்னதான் செய்வது?

என் விடை இதுதான். மதிப்பெண் குறைந்த பிள்ளையும் மருந்தியலை நாடலாம். ஆனால் அந்த வழி வேதியியல் வழியாகச் செல்ல வேண்டும். கடன் பத்திரத்தின் வழியாகச் செல்லக்கூடாது. கீழ்க்காணும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. வேதியியலும் கணிதமும் குறைந்திருந்தால் அவற்றை மீண்டும் எழுதச் செய்யுங்கள். ஓராண்டு போகட்டும். பத்தாண்டுக் கடனைவிட ஓராண்டு சிறியது.

2. தகுதி வந்தபின் ஆறாம் படிவத்தில் சேருங்கள். வேதியியலில் நல்ல தேர்ச்சி வந்தால் மருந்தியலுக்குத் துணிந்து விண்ணப்பியுங்கள். எவர் "முடியாது" என்றாலும் கேளாதீர்கள்.

3. எந்தக் கல்லூரியானாலும், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரமும் மருந்தியல் வாரியத்தின் ஏற்பும் உண்டா, முடித்தபின் வேலையின் பெயர் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி வேண்டாம். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. இரண்டாம் முயற்சியிலும் வேதியியல் கைகூடவில்லையென்றால், பிள்ளை உண்மையில் விரும்பியது மருந்தையா அல்லது வெயிலில் வாடாத ஒரு வேலையையா என்று அன்போடு கேளுங்கள். பெரும்பாலோர் விரும்புவது இரண்டாவதைத்தான். அதில் இழிவு ஏதுமில்லை. அதற்கு வேறு கதவுகள் உண்டு. நம் ஊரிலேயே, சுங்கை லாங்கில், 2003 முதல் இயங்கிவரும் சுல்தான் இட்ரிசு சா போலிடெக்னிக் இருக்கிறது. வெளிமாநிலப் பிள்ளைகள் பேருந்து ஏறி வந்து படிக்கிறார்கள். அதன் வாசலைக் கடந்து மோட்டாரில் போகும் நம் பெற்றோரில் எத்தனை பேர் உள்ளே நுழைந்து விசாரித்திருக்கிறார்கள்?

தோட்டத்து வெயிலிலிருந்து பிள்ளையை மீட்க வேண்டும் என்ற தகப்பனின் ஆசையைவிடத் தூய்மையான ஆசை வேறில்லை. அந்த ஆசையை "முடியாது" என்று மிதிப்பவனும் குற்றவாளி. "எளிது" என்று விலைபேசுபவனும் குற்றவாளி. இரண்டுக்கும் நடுவே, மதிப்பெண் தாளைக் கையில் வாங்கி, பாடம் பாடமாகப் பார்த்து, உண்மையைச் சொல்லி வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். ஆறாண்டுகள் அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த தமிழ்ப்பள்ளி ஆசிரியரைவிட அதற்கு உரியவர் யார்? அடுத்த முடிவுகள் வெளிவரும் நாளில் நம் முன்னாள் மாணவர்கள் வீட்டுக்கு நாமே செல்வோம், தரகர் செல்வதற்கு முன்பாக!