தாத்தா செருப்புக்குள்ள ஒரு இன்ஜினீயரிங்!

செமஸ்டர் எக்ஸாமுக்குக் கிளம்பும்போது என்ன பண்ணுவீங்க? ஹால் டிக்கெட், பேனா, கால்குலேட்டர்... அப்புறம் தாத்தா, பாட்டி கால்ல ஒரு டைவ்! ஆசீர்வாதத்தோட நூறு ரூபாயும் வாங்கிட்டு எஸ்கேப். நானும் உங்க கட்சிதான். ஆனா, அதே காலில் ஒரு புண் வந்து, 'கொஞ்சம் கழுவி மருந்து போட்டு விடுடா'ன்னு வீட்டில் சொன்னா..?

எங்க வீட்டில் சொன்னாங்க. தாத்தாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. செருப்பில் துருத்திக்கிட்டு இருந்த ஆணியோடயே ரெண்டு நாள் நடந்திருக்கார். லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நான், 'ரெக்கார்டு நோட் முடிக்கணும்'னு நைஸா நழுவிட்டேன். தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கழுவினது பாட்டிதான். 'புண் ஆறினதும் எம்.சி.ஆர். செருப்புதான் போடணும்'னு டாக்டர் சொல்லிட்டார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பின வாரம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். 'சும்மா வாடா மச்சான்'னு ரூம்மேட் சர்ச்சுக்கு இழுத்துட்டுப் போனான். பூசைக்கு நடுவில், ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கிட்டு, 12 பேரோட காலைக் கழுவித் துடைச்சார். அதில் ஒருத்தர் தினமும் சர்ச் வாசலைக் கூட்டுறவர். எனக்கு என்னமோ சுருக்குன்னுச்சு.

இயேசு தன்னோட கடைசி இரவு உணவின்போது சீடர்களுக்குச் செய்ததோட நினைவு இது. யோவான் எழுதின நற்செய்தியில் வருது. அந்தக் காலத்தில் விருந்தாளியோட புழுதிக் காலைக் கழுவுறது வேலைக்காரங்க வேலை. அதனால்தான், 'நீங்க என் காலைக் கழுவுறதா!'ன்னு பேதுரு பதறியிருக்கார். குரு விடலை. மறுநாள்தான் சிலுவை. "உயிரைக் கொடுக்கிறதுக்கு முந்தின ராத்திரி, அவர் கையில் எடுத்தது தண்ணியும் துண்டும்தான்டா"ன்னான் ரூம்மேட். கிறிஸ்தவத்தில் சேவைன்னா, மேல நின்னு கொடுக்கிறது இல்லையாம்... கீழ குனியறதாம்!

சரி, அந்த எம்.சி.ஆர். என்னன்னு தேடினேன். மைக்ரோ செல்லுலார் ரப்பர். சின்னச் சின்ன காற்றறைகள் உள்ள மெத்து ரப்பர். தேடின வழி நேரா வேலூருக்குப் போய் நின்னுச்சு. அங்கே குனிஞ்சு உட்கார்ந்திருந்த இன்னொரு மனுஷரைப் பார்த்தேன். டாக்டர் பால் பிராண்ட்.

1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். மிஷனரியா வந்த அப்பா ஜெஸ்ஸி, 1929-ல் காய்ச்சல் வந்து அந்த மலையிலேயே இறந்துட்டார். ஓய்வு வயசு வந்த பிறகும் அம்மா எவலின் ஓய்வெடுக்காம, மறுபடி மலைக்கே போயிட்டாங்க. 1974-ல் 95 வயசில் இறந்து, கணவர் பக்கத்திலேயே புதைக்கப்பட்டாங்க. மகன் பால், இங்கிலாந்தில் முதல்ல கத்துக்கிட்டது கட்டட வேலை. கொத்து, தச்சு எல்லாம் தெரியும். அப்புறம்தான் டாக்டர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார்.

தொழுநோயாளிக்குப் பல ஆஸ்பத்திரிகளில் படுக்கையே தராத காலம் அது. செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ல் போன பிராண்ட், விரல் மடங்கிப்போன ஒருத்தரோட கையைப் பிடிச்சு, 'நல்லா அமுக்குங்க'ன்னார். செம பிடி... டாக்டருக்கே வலிச்சிருச்சு! அப்போ தசை சாகலைன்னு பொறி தட்டுச்சு. நல்லா இருக்கிற தசைநாணை எடுத்து மாத்திப் பொருத்தி, மடங்கின விரல்களை மறுபடி வேலை செய்ய வெச்சார். யோசிச்சுப் பாருங்க, தொடாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்குமா?

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் பெரிசு. நோய் விரலைத் தின்னலை. நோய் நரம்பைக் கெடுக்குது, வலி போயிடுது. வலி இல்லாததால் சூடு, முள், ஆணி எதுவும் தெரியாம விரல் சிதையுது. சிலருக்கு ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சதுகூடத் தெரியலை. அவங்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தாங்க!

பாதத்துக்கு? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது. அழுத்தம் = விசை ÷ பரப்பு. ஃபர்ஸ்ட் இயர் ஃபார்முலா! வலி தெரியற நாம ஒரு இடம் நொந்தா நடையை மாத்திக்குவோம். உணர்ச்சி இல்லாத கால் அதே இடத்தையே மிதிச்சு மிதிச்சுப் புண்ணாக்கும். எடையை முழுப் பாதத்துக்கும் பரப்பி விட்டா பிரச்னை குறையும். பிராண்டும் அவரோட குழுவும் வேலூரிலும், பக்கத்தில் 1955-ல் தொடங்கின கரிகிரி மருத்துவமனையிலும், நோயாளிகளின் பாதங்களைக் கையால் தடவி, எங்கே சூடு ஏறியிருக்குன்னு பார்த்துப் பார்த்துச் செருப்பு செஞ்சாங்க. மெத்து ரப்பர், ஆணி அடிக்காம. அதோட வாரிசுதான் இன்னிக்கு சர்க்கரை நோயாளிகள் போடுற எம்.சி.ஆர். செருப்பு!

சும்மா இல்லீங்க, பயமும் இருந்தது. ஒரு தடவை லண்டனில், களைச்சுப் போய் ஷூவைக் கழற்றினவருக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கலை. 'நமக்கும் வந்திருச்சு'ன்னு ராத்திரி முழுக்கத் தூங்கலை. காலையில் திரும்பக் குத்தினார். வலிச்சது! சந்தோஷத்தில் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். அதுக்கப்புறமும் அவர் அந்த வேலையை விடலை. 2003-ல் இறக்கும்வரை வலியில்லாத கால்களைப் பற்றியே பேசிக்கிட்டிருந்தார்.

நான் கோயிலுக்குப் போற பையன்தான் ஃப்ரெண்ட்ஸ். இப்பவும் அப்படித்தான். ஆனா, போன சனிக்கிழமை ஊருக்குப் போனதும் பாட்டிகிட்டயிருந்து வாளியை வாங்கிட்டேன். "டேய், படிக்கிற புள்ளை இதெல்லாம் பண்ணக் கூடாது, விடுடா"ன்னு தாத்தா காலை இழுத்துக்கிட்டார். எனக்குப் பேதுரு ஞாபகம்தான் வந்துச்சு.

முதல் ரெண்டு நிமிஷம் குமட்டல். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் குதிகால் ஓரத்தில், ஒரு ரூபாய் அளவுக்குப் புதுசா ஒரு சிவப்பு. தொட்டேன். சூடா இருந்தது! கண் சரியாத் தெரியாத பாட்டிக்கு அது தெரிஞ்சிருக்காது. திங்கட்கிழமையே டாக்டர்கிட்ட காட்டியாச்சு.

உங்க வீட்டிலும் ஒரு கால் இருக்கும். ஆசீர்வாதத்துக்குக் குனியறப்ப, இன்னும் ரெண்டு நிமிஷம் அங்கேயே இருந்து பாருங்களேன். நூறு ரூபாய் எங்கேயும் போயிடாது!