வீட்டுக்கென்று ஓர் எண்



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று என்னை நெடுநேரம் எழுதவிடாமல் நிறுத்திவிட்டது. எழுதியவர் ஓர் ஆசிரியை. அவர் கணவரும் ஆசிரியரே. காலை 8 மணிக்கு இருவரும் புறப்பட்டால், மாலை 5 மணிவரை 79 வயது நிறைந்த மாமியார் ஒருவரே இல்லத்தில் இருப்பாராம். "ஆளுக்கொரு கைப்பேசி இருக்கையில், கூடத்தில் கிடக்கும் தொலைபேசிக்கு மாதந்தோறும் ஏன் பணம் கட்ட வேண்டும், ஒப்படைத்துவிடலாம் என்கிறான் என் மகன். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் அத்தைக்குக் கைப்பேசி கைவரவில்லை. வைத்திருப்பதா, விடுவதா?" என்று வினவுகிறார் அச்சகோதரி.

ஒரு வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த மடலுக்குப் போயிருக்கலாம். ஆனால் இதே வினா எங்கள் இல்லத்திலும் எழுந்து, உணவு மேசையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிற்று. ஆகவே எங்கள் கதையை முதலில் சொல்லிவிட்டு அவருடைய வினாவுக்கு வருகிறேன். பொறுத்தருள்க.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் உள்ளது. தொலைபேசிக்கு என் தந்தையார் விண்ணப்பித்தது 1989-இல்; இணைப்புக் கிடைத்தது 1994-இல். மிகுதியான முன்பணம் கட்டுவோருக்கு முன்னுரிமை தரும் 'ஓ.ஒய்.டி.' என்ற திட்டம் அந்நாளில் இருந்தது. பள்ளிக்கூட எழுத்தர் ஒருவர் அதை நினைத்துப் பார்க்க இயலுமா? வரிசையில் காத்திருந்தார். இணைப்பு வந்த அன்று, குட்டையான ஒரு மரமுக்காலியின்மேல் கருவியை வைத்து, அம்மா தம் கையால் பின்னிய வெண்ணிற விரிப்பை அதன்மேல் போர்த்தினார். தந்தையார் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டார். பேசியவர் பெயர், ஊர், நிமிடம் எல்லாம் அதில் ஏற வேண்டும். வெளியூர் அழைப்பு என்றால் இரவு 11 மணிக்குப் பிறகுதான். அப்போது கட்டணம் கால் பங்கு. நள்ளிரவில் பேசிய பேச்சுக்கே எங்கள் வீட்டில் உறவு வளர்ந்தது என்றால் மிகையாகாது.

அது எங்களுடைய தொலைபேசியாக மட்டும் இருந்ததில்லை. 'பி.பி. எண்' என்ற ஒன்றை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தம் வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் அயல்வீட்டு எண்ணைத் தங்கள் முகவரி அட்டையிலும் திருமண அழைப்பிதழிலும் அச்சிட்டு, அருகில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வார்கள். அவ்வாறு எங்கள் எண் ஏழு வீடுகளுக்கு எண்ணாயிற்று. வெள்ளிக்கிழமை வளைகுடா நாடுகளில் விடுமுறை. அன்று எங்கள் கூடம் நிறைந்துவிடும். மணி ஒலித்ததும் அம்மா எடுப்பார். "பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடு மக்களே, அழைத்து வரச் சொல்கிறேன்" என்பார். நான் ஓடுவேன். அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி மூச்சிரைக்க வரும் பெண்கள் எத்தனை பேர்! பேசி முடித்துக் கருவியை வைத்தபின், எதுவும் சொல்லாமல் சிறிது நேரம் அந்த முக்காலியின் அருகிலேயே தரையில் அமர்ந்திருப்பார்கள். அம்மா காப்பி கொண்டுவந்து வைப்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

பிறகு கைப்பேசி வந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசியதையே நம் நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பாகக் குறிப்பிடுவர். தொடக்கத்தில் அழைப்பவரும் பணம் கட்ட வேண்டும், கேட்பவரும் கட்ட வேண்டும். 2003-இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கிய பின்னர் கைப்பேசி இல்லாத வீடு அரிதாயிற்று. 2006-இல் நாடெங்கும் ஏறத்தாழ 5 கோடி கம்பித் தொலைபேசிகள் இருந்தன. 2020-க்குள் அவை 2 கோடி அளவுக்குச் சுருங்கின. எங்கள் தெருவிலும் ஒவ்வொரு வீடாக ஒப்படைத்தார்கள். எங்கள் தொலைபேசி மட்டும் எஞ்சியது. பற்றினால் அன்று, சோம்பலினால்தான்.

அந்தச் சோம்பலுக்கு நான் நன்றி சொல்ல நேர்ந்த நாளும் வந்தது. 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயலை எங்கள் மாவட்டத்தார் எவரும் மறக்கமாட்டார்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. ஊர் நாள்கணக்கில் இருளில் கிடந்தது. கைப்பேசிக் கோபுரங்கள் மின்கலத்தாலும் டீசல் பொறியாலும் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, பின்னர் அவையும் ஓய்ந்தன. ஆழ்கடலுக்குச் சென்றவர்களின் வீட்டுப் பெண்கள் உயிரற்ற கைப்பேசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் முற்றத்தில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக் கம்பி நிலத்தடியில் வந்ததால் தப்பியிருந்தது.

ஐந்தாம் நாள் இரவு மணி ஒலித்தது. அம்மா எடுத்தார். "மாமி, நான்தான், பக்கத்து வீட்டுப் பையன். மகாராட்டிரக் கரையில் ஏறிவிட்டோம். ஏழு பேரும் இருக்கிறோம். வீட்டில் சொல்லிவிடுங்கள்." பையன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவனுக்கு அப்போது 38 வயது. அவன் கைப்பேசி கடல்நீரில் நனைந்து போயிருந்தது. யாரோ ஒரு நல்லவர் தம் கைப்பேசியை நீட்டியிருக்கிறார். மனைவியின் எண் நினைவில்லை. அது பெயராக அன்றோ கருவிக்குள் இருந்தது! இளமையில் குவைத்திலிருந்து தன் தகப்பன் பேசுவதற்காக எங்கள் கூடத்தில் காத்துக்கிடந்தவன் அவன். அந்த எண் மட்டும் நாவிலேயே இருந்தது. பின்னாளில் முன்னால் 2 என்ற இலக்கத்தைச் சேர்த்ததையும் மறக்கவில்லை. 76 வயதில் அம்மா கைவிளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் பக்கத்து வீட்டுக்குச் சென்றதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாவிட்டால் குற்றமாகும். அந்தப் புயலில் திரும்பாதவர்கள் பலர். ஆழ்கடலுக்குக் கம்பியும் எட்டாது, கைப்பேசிக் கோபுரமும் எட்டாது.

இக்கதையோடு நிறுத்திக்கொண்டால், "தொலைபேசியை விடாதீர்கள், சகோதரி" என்று நான் முடித்துவிடலாம். ஆனால் 2022-இல் நடந்ததையும் கேளுங்கள்.

அன்று நானும் துணைவியும் வெளியே சென்றிருந்தோம். அம்மா அடுக்களையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசையவில்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்திருந்த கைப்பேசி படுக்கையறை அலமாரியில், சேலைகளுக்கு அடியில், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்து வைத்தால் சார்ஜ் மிச்சம் என்பது அவருடைய கணக்கு! கையை ஊன்றி ஊர்ந்து கூடத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்து இழுத்து, தொலைபேசியை முக்காலியிலிருந்து தரையில் விழச்செய்து, எண்களை அழுத்தினார். பக்கத்து வீட்டு எண். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது பதிவுக் குரல். என் தம்பி வீட்டு எண், அதே குரல். தெருக்கோடி மருந்துக்கடை, அதே குரல். அம்மாவுக்கு மனப்பாடமான எண்கள் யாவும் இறந்துபோயிருந்தன. எங்கள் கைப்பேசி எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் வைத்திருந்தோம். விழுந்தவருக்கு மூக்குக்கண்ணாடி எங்கே? அன்றியும் 2021 ஜனவரி 15 முதல், வீட்டுத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். அதை நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, மீன் விற்கும் அம்மையார் வாசலில் கூவி, பதில் வராததால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருந்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. மகாராட்டிரக் கரையில் நின்ற அவனைக் காத்தது கம்பி மட்டும் அன்று. நெஞ்சில் இருந்த எண். அம்மாவிடம் கம்பி இருந்தது. அதன் மறுமுனையில் எவரும் இல்லை. நாங்கள் எல்லாரும் எங்கள் எண்களைச் சட்டைப்பைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

இனி மூன்றாவது நிகழ்ச்சி, இது சிறியது. ஆனால் அச்சகோதரிக்கு மிகவும் பயன்படுவது இதுதான். சென்ற ஆண்டு மழையில் எங்கள் இணைப்பு அறுந்தது. முறையிட்டோம். பல வாரங்களுக்குப் பின் வந்தவர், "செம்புக் கம்பியை இனிப் பழுதுபார்ப்பதில்லை, ஒளியிழைக்கு மாறிக்கொள்ளுங்கள், எண் மாறாது" என்றார். மாறினோம். குரல் தெளிவாகவே இருந்தது. சில நாள் கழித்து ஒரு மாலையில் மின்சாரம் நின்றது. அம்மா ஏதோ நினைத்துக் கருவியை எடுத்துக் காதில் வைத்தார். "மக்களே, இது செத்துவிட்டது" என்றார்.

காரணம் எளியது. பழைய செம்புக் கம்பி நம் வீட்டு மின்சாரத்தை நம்பி இருந்ததில்லை. தொலைபேசி நிலையத்தில் அடுக்கியிருக்கும் பெரிய மின்கலங்கள் 48 வோல்ட் மின்சாரத்தை அக்கம்பி வழியாகவே அனுப்பின. அதனால்தான் புயலிலும் அது பேசிற்று. ஒளியிழை கண்ணாடி இழை. அதில் ஒளி செல்லுமே அன்றி மின்சாரம் செல்லாது. சுவரில் மாட்டிய சிறு பெட்டி நம் வீட்டு மின்சாரத்தில்தான் இயங்குகிறது. விளக்கு அணைந்தால் தொலைபேசியும் அணையும். கம்பியில்லாக் கைக்கருவி வைத்திருப்போருக்குப் பழைய செம்புக் கம்பியிலும் இதே நிலைதான். அதன் அடித்தட்டுக்கு மின்சாரம் வேண்டும். இது நமக்கு மட்டும் வந்த இடர் அன்று. பிரித்தானியாவில் 2025 இறுதிக்குள் பழைய இணைப்புகளை நிறுத்தத் திட்டமிட்டவர்கள், முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் இயங்காமல் போகுமே என்ற அச்சம் எழுந்ததால் 2027 ஜனவரிவரை தள்ளிவைத்தார்கள்.

இவ்வளவும் நடந்த பின்னரே எங்கள் மகள், "இனியும் இதை ஏன் வைத்திருக்கிறோம், அப்பா?" என்று கேட்டாள். துணைவியும் அவள் பக்கம். மாதம் 250 ரூபாய்க்குமேல் செலவு. வரும் அழைப்புகளில் பாதி கடன் வேண்டுமா என்று கேட்பவை. முதல் ஞாயிறு நான் தோற்றேன். இரண்டாம் ஞாயிறு எவரும் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் ஞாயிறுதான், இந்த வீட்டில் பகல் முழுதும் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மகளே நினைவூட்டினாள். அம்மா சொன்னார்: "எடுத்துவிடுங்கள். ஆனால் யாராவது கூப்பிட்டால் நான் எங்கே போய் எடுப்பேன்?"

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இணைப்பை வைத்துக்கொண்டோம். ஒளியிழைப் பெட்டிக்கு, மின்சாரம் நின்றால் சில மணி நேரம் தாங்கும் ஒரு சிறு மின்கலம் வாங்கி இணைத்தோம். திங்கள்தோறும் முதல் சனிக்கிழமை முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு அம்மாவைப் பேசச்செய்து பார்க்கிறோம். என் கைப்பேசி எண்ணை, முன்னால் 0 சேர்த்து, பேத்தி பாட்டிக்குப் பாடமாக ஒப்புவிக்கக் கற்றுக்கொடுத்தாள்; ஒன்பது நாள் ஆயிற்று. அதையே சுவரில், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில், விரற்கடை அளவு எழுத்தில் எழுதினோம். வீட்டுக்கு வரும் விருந்தினர் அதைக் கண்டு வியக்கிறார்கள். அதோடு, பொத்தான்கள் பெரியதான எளிய கைப்பேசி ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினோம். விழுந்த இடத்தில் கைக்கு எட்டுவது அதுவே. கூடத்துத் தொலைபேசி அன்று. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுகிறார் என்பது தீராத வழக்கு.

இப்போது சகோதரிக்கு. தங்கள் வீட்டுக்கு வருவது செம்பா, ஒளியிழையா என்று முதலில் கேட்டறிக. செம்பானால், அது நல்ல நிலையில் இருக்கும்வரை விட்டுவிட வேண்டாம். ஒளியிழையானால், மின்கலம் வைக்காத வரையில் அதை நம்ப வேண்டாம். அத்தை அவர்கள் இன்று எந்த எண்ணை நினைவிலிருந்து சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணை உடனே அழைத்தும் பாருங்கள். தெருவில் யாரேனும் பகலில் வீட்டில் இருப்பவர் ஒருவருடைய எண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 108 என்ற எண்ணை எந்தத் தொலைபேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணுக்கும் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசுவதற்கும் கைப்பேசிதான் வேண்டும். அதில் மகனோடு வழக்காட வேண்டாம். பகலில் எவருமே இல்லாத வீடுகளில், பூட்டிய அறையில் மணி ஒலித்து யாருக்குப் பயன்? அத்தகையோர் வருந்தாமல் ஒப்படைக்கலாம். கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெறவும், பங்குக் குடும்பப் பதிவேட்டிலும் வங்கியிலும் பழைய எண்ணை மாற்றவும் மறக்க வேண்டாம். சென்ற மாதம்கூட ஒரு திருமண அழைப்பிதழில், பத்தாண்டுக்கு முன்னே இறந்துபோன எண் ஒன்றை அச்சிட்டிருக்கக் கண்டேன்.

தாங்கள் எடுக்கும் முடிவை அடுத்த மடலில் எழுதுங்கள், சகோதரி. அத்தை அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.