தாமரை இலை போல ஒரு பிளாஸ்டிக்!

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை. உறவில் பட்டும் படாமலும் இருப்பவரைத் "தாமரை இலைத் தண்ணீர் போல" என்று சொல்கிறோம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரிந்த உவமை இது.

ஏன் ஒட்டுவதில்லை? இலை வழவழப்பாக இருப்பதால் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோப் நைன்ஹூயிஸ் என்ற தாவர இயல் அறிஞர்கள் 1997-ம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார்கள். உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தால் இலை முழுவதும் மேடு மேடாகத் தெரியும். மேடுகளின் மேல் மெழுகு, நுண்ணிய குழாய்களைப் போலப் படர்ந்திருக்கும். இடுக்குகளில் காற்று தங்கியிருக்கும். நீர்த்துளி அந்தக் காற்று மெத்தையின் மேல் முத்துப் போல நிற்கிறது. இலை சாய்ந்தால் உருண்டு ஓடுகிறது. ஓடும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது!

செய்வது எப்படி?

இந்த வித்தையைத்தான் விஞ்ஞானிகள் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் செய்கிறார்கள். மணலில் இருக்கும் சிலிகா என்ற பொருளின் மிக நுண்ணிய துகள்களை எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் ஒட்டாதபடி அவற்றைப் பக்குவம் செய்து, சிலிகோன் போன்ற பிசினில் கலக்கிறார்கள். அந்தக் கலவையைப் பொருளின் மேல் தெளிக்கிறார்கள். அல்லது பொருளை அதில் முக்கி எடுக்கிறார்கள். காய்ந்தபின் தாமரை இலை போன்ற மேடு பள்ளம் உண்டாகிறது.

அந்தத் துகள் எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். இந்தத் துகள்கள் 100 நானோமீட்டருக்கும் குறைவானவை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கிருமியே சுமார் 1,000 நானோமீட்டர் இருக்கும்!

தண்ணீர் ஒட்டாவிட்டால் மட்டும் கிருமி செத்துவிடாது. அதற்காக வெள்ளித் துகளையோ துத்தநாக ஆக்ஸைடுத் துகளையோ சேர்க்கிறார்கள். ஈரம் பட்டதும் வெள்ளியிலிருந்து மின்னேற்றம் பெற்ற அணுக்கள் கசிகின்றன. அவை கிருமியின் மேலுறையையும் உள்ளே இருக்கும் புரதங்களையும் கெடுத்துவிடுகின்றன.

நோயாளிக்கு உதவுமா?

ஆஸ்பத்திரியில் சிறுநீர் பிரியாமல் அவதிப்படுகிறவருக்குக் குழாய் வைக்கிறார்கள். அந்தக் குழாயில் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. தங்களைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. படலத்துக்குள் மருந்து எளிதில் எட்டாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது. கிருமி ஒட்டாத குழாய் கிடைத்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆகவே இந்த ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமி செத்தது என்பதற்காக நோயாளி பிழைத்துவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் 7,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2012-ம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான குழாய் வைத்தவர்களில் ஆயிரத்துக்கு 126 பேருக்கு நோய்த்தொற்று கண்டது. வெள்ளிக் கலவை பூசிய குழாய் வைத்தவர்களிலோ, ஆயிரத்துக்கு 125 பேர்! விலை உயர்ந்த குழாயால் பலன் இல்லை.

வேறு குறைகளும் உண்டு. தாமரை இலை உயிருள்ளது. மெழுகு தேய்ந்தால் மறுபடி சுரந்துகொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாலு தடவை அழுத்தித் தேய்த்தால் மேடுகள் உதிரலாம். சோப்பு நீரும் எண்ணெயும் பட்டால் காற்று மெத்தை குலைந்துவிடும்.

வெள்ளியும் நிலைத்து நிற்பதில்லை. வெள்ளித் துகள் சேர்த்த காலுறைகளை அமெரிக்காவில் அரிசோனா மாநில ஆராய்ச்சியாளர்கள் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகள் ஒரு சில அலசலிலேயே வெள்ளியை ஏறக்குறைய முழுவதும் இழந்தன என்று 2008-ம் ஆண்டில் அறிவித்தார்கள். அப்படிப் போகும் வெள்ளி சாக்கடை வழியே ஆற்றில் சேர்ந்தால் மீனுக்கும் கேடு. கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. வெள்ளி மருந்துக்கு மசியாத கிருமி ஒன்று, பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் தலைகாட்டிய செய்தி 1975-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

அவசியமான இடத்தில் அளவோடு பயன்படுத்தினால் வெள்ளி மருந்து. காலுறையிலும் கண்ட சாமானிலும் வாரி இறைத்தால் வீண்; கேடும்கூட.

எனவே "கிருமி அண்டாது" என்று அச்சிட்டு விற்பவர்கள் மூன்று விஷயங்களையும் சேர்த்து அச்சிட வேண்டும். என்ன சேர்த்திருக்கிறார்கள்? எத்தனை நாள் நிற்கும்? மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா? சர்க்கார் இதைச் சட்டமாக்க வேண்டும். வாங்குகிறவர்களும் கடையில் கேட்க வேண்டும்.

பதில் வரும்வரை பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். சாப்பிடும் முன்பும் நோயாளியைத் தொடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செலவு குறைந்த, சோதித்துத் தேறிய முறை அதுதான்!