எண்ணும் ஆளும்

கைப்பேசி அழைப்புப் பதிவில் பேச்சு இராது. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், பேசிய வினாடிகள், கோபுரம் ஆகியவையே இருக்கும். ஆயிரமாயிரம் வரிகளை, "இரவு 10 மணிக்குமேல், இந்தக் கோபுரம்" என்று கேட்ட நொடியில் கணிப்பொறி சலித்துத் தருகிறது. குற்றவாளியைத் தேட இது நல்ல கருவியே; மறுக்கவில்லை.

ஆனால் நண்பர்களே, எங்கள் வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். கூலி வேலை கேட்க அப்பா, கல்லூரிச் செய்திக்கு நான், வெளியூர் மகனிடம் பேச அடுத்த வீட்டுப் பாட்டி என அனைவருக்கும் அதுவே. சல்லடைக்குத் தெரிவதோ அப்பா பெயர் மட்டும்!

இப்பதிவுகளை இரண்டாண்டுகளேனும் காக்கும்படி 2021 டிசம்பரில் மத்திய அரசு விதித்தது. அன்றிரவு பேசியது யாரென்று இரண்டாண்டு கழித்து எந்த ஏழை நினைவு வைத்திருப்பான்?

சலிப்பது கணிப்பொறியின் வேலை. பேசியவர் யாரென விசாரித்தறிவது மனிதரின் கடமை. எண்ணைக் கண்டதும் ஆளைக் கண்டதாகக் கொள்வது நீதியாகாது.