ஆறாங்கிளாஸ் தகுதி

போன மாசம் சிட்லபாக்கத்துல எங்க வீட்டு வாசல்ல ஒரு நோட்டீசு கிடந்தது. வழவழப்பான தாள். வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்துல ஸ்டெதாஸ்கோப் தொங்கவிட்ட பதினோரு வயசுப் பையன் படம். ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் பவுண்டேஷன் கோர்ஸ் என்று அச்சடித்திருந்தார்கள். அக்கா அதை எடுத்துக்கிட்டு வந்து, "தம்பி, நம்ம புள்ள ஏழாவது வந்துடுச்சே, லேட்டாயிடுச்சாடா?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை. ஒப்பந்தக் கூலி. போன் போட்டு ஃபீஸ் கேட்டோம். ஒரு வருசக் கட்டணம் அவளுடைய அஞ்சு மாசக் கூலி. பன்னிரண்டாவது வரைக்கும் வருசா வருசம் கட்டணும்.

கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதானே, இதுல சாதி எங்க வந்தது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 180 கேள்வி, 720 மதிப்பெண். ஒண்ணுதான். தயாராகிற காலம் ஒண்ணா? ஏழு வருசம் காசு கொட்டிப் பழகுறவனையும், பன்னிரண்டாவது முடிச்சு ஒரு மாசம் அரசாங்க இலவசப் பயிற்சிக்குப் போற சேரிப் பெண்ணையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள். 2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கணக்கெடுத்துச் சொன்னது: மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், வீட்டில் உட்கார்ந்து திரும்ப எழுதியவர்கள். வருசக்கணக்கில் உட்கார வைத்துச் சோறு போட யாரால் முடியும்?

இந்தத் தகுதிக் கூச்சல் புதுசும் இல்லை. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையில் பதினாலு இடத்துக்கு நமக்கு ரெண்டு. அதுவே பொறுக்கவில்லை. 1951-இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விண்ணப்பம் போடாதவருக்கு நீதி கிடைத்தது. 1176 மதிப்பெண் வாங்கிய குழுமூர் அனிதாவுக்கு?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகள். பழைய முறையில் கட் ஆஃப் 196.75. அந்தக் கணக்கில் சீட்டு அவள் கையில். நீட்டில் 86. உச்சநீதிமன்றம் வரை போய்ப் பார்த்தாள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். பன்னிரண்டு வருசம் பள்ளிக்கூடத்தில் சேர்த்த தகுதியை மூணு மணி நேரத்தில் இல்லை என்றாக்கியது யார்?

எங்க வீட்டுப் பக்கத்தில்தான் தாம்பரம் சானடோரியம். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறந்தது. அதன் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய நம்ம பண்டிதர், பிழைப்புக்கு வைத்தியம் பார்த்தவர். நமக்கு மருத்துவம் புதுசு என்கிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் போய்ப் படிக்கட்டும். இன்றைக்குச் சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் நீட் வேணும். பண்டிதரே பிளஸ் டூ முடிச்சு வந்தாலும் முதலில் கோச்சிங் சென்டர் வாசலில்தான் நிற்கணும்.

2020-இல் தமிழ்நாடு அரசு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. அதுவரை விரல் விட்டு எண்ணும்படி இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், முதல் வருசமே பல் மருத்துவமும் சேர்த்து ஏறத்தாழ 400 பேர் உள்ளே போனார்கள். வரவேற்கிறேன். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கணும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. கடன் வாங்கிச் சின்ன மெட்ரிக் பள்ளியில் ஆறாவது சேர்த்த கூலிக்காரனின் பிள்ளைக்கும் கதவு சாத்தியாச்சு. இது நம்ம தாய்மாருக்கு ஆறாங்கிளாஸ் அட்மிஷன் அன்றைக்கு யார் சொன்னது? நோட்டீசுக்காரன் சொல்ல மாட்டான். நாமதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லணும். சாதிச் சான்றிதழையும் கையோடு வாங்கி வைக்கச் சொல்லணும்.

அதற்காக நானும் ஒரு கோச்சிங் நடத்தச் சொல்லவில்லை தோழர்களே. நீட் ஒழிய வேண்டும். 2021-இலும் 2022-இலும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. நிராகரித்துவிட்டார்கள் என்று 2025-இல் முதல்வர் அறிவித்தார். போராட்டம் தொடரும். அதுவரைக்கும் ஏழாவது படிக்கிற பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் இருக்கிறாரா, நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா, போய்க் கேளுங்கள். ஏரித் தண்ணியை ஒரு சொட்டு எடுத்து அந்தப் பிள்ளைகள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். தயார் பண்ண வேண்டியது பிள்ளையை இல்லை, பள்ளிக்கூடத்தை.

அக்காவுக்கு என்ன சொன்னேன்? புள்ள அரசுப் பள்ளியிலதான் இருக்கா, மாத்தாதே என்றேன். புள்ள எங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தாள். ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு, டியூப் சிவப்புப் பைக்கு, ஊசி மட்டும் வெள்ளைப் பெட்டிக்கு என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அத்துப்படி. தப்பாப் போட்டா யார் கையில குத்தும் என்பதும் தெரியும்.

"லேட்டா மாமா?" என்றாள்.

உனக்கு இல்லடி, இந்த நாட்டுக்குத்தான் லேட்டு.