பெயரே இல்லாத பட்டியல்

அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவு சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். அதன் ஆண்டுக் கூட்டம் 2025 ஜூன் 10, 11 தேதிகளில் டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரில் நடந்தது. சபைகள் அனுப்பிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். ஒரே பாலினத் திருமணத்துக்கு வழிவிட்ட 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ரத்தாகவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆபாசப் படங்களுக்குத் தடை கேட்டார்கள். விளையாட்டுப் பந்தயச் சூதாட்டத்தைக் கண்டித்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் திருமணத் தீர்மானம் கொட்டை எழுத்தில் வந்தது. இந்தத் தீர்மானங்கள் எதுவும் ஒரு சபையையோ ஒரு போதகரையோ கட்டுப்படுத்தாது. போட்டவர்களுக்கும் அது தெரியும்.

நம் கவலை வேறு. 2022-இல் கலிபோர்னியாவின் அனஹைமில் இதே கூட்டம் ஒரு வாக்குறுதி கொடுத்தது: பாலியல் குற்றம் செய்த போதகர்கள், சபை ஊழியர்களின் பெயர்களைத் திரட்டி, எந்தச் சபையும் பார்த்துக்கொள்ளும்படி இணையத்தில் வைப்போம் என்று. 2023-இல் நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் இணையதளம் திறந்துவைக்கப்பட்டது. பெயர் ஒன்றும் இல்லை. 2024-இல் இண்டியானாபோலிஸ் கூட்டம் வந்தது. பெயர் ஒன்றும் இல்லை. டாலஸ் கூட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே, பட்டியல் இப்போதைக்கு முன்னுரிமை அல்ல என்று செயற்குழுத் தலைமை சொல்லிவிட்டது. குற்றத் தடுப்புக்கென்று தனித் துறையும் அதற்கொரு இயக்குநரும் வந்திருக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். அது நல்லதுதான், ஆனால் கேட்டது அதையல்ல.

டாலஸ் கூட்டத்தின்போது இந்த இழுபறிக்கு வயது மூன்றல்ல, பதினெட்டு. 2007-இல் சான் அன்டோனியோ கூட்டத்தில் ஒரு பிரதிநிதி எழுந்து, இப்படியொரு பதிவேடு முடியுமா என்று ஆராயும்படி கேட்டார். ஒரு வருடம் ஆராய்ந்த செயற்குழு, 2008-இல் முடியாது என்றது. எங்கள் சபைகள் ஒவ்வொன்றும் சுயாட்சி உள்ளவை, அவற்றின் விவகாரத்தில் தலைமை கைவைக்க முடியாது என்பது காரணம். அந்த நாட்களில் கிறிஸ்டா பிரவுன் என்ற பெண், சிறு வயதில் தன் சபைப் போதகரால் சீரழிக்கப்பட்டவர், செயற்குழுவின் முன் பேசப் போனார். அவர் பேசும்போது உறுப்பினர் ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார் என்றும், இன்னொருவர் சிரித்தார் என்றும் அவர் சொன்னது பின்னாளில் விசாரணை அறிக்கையில் ஏறியது.

அந்த அறிக்கை வந்தது 2022 மே மாதம். 2019 பிப்ரவரியில் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை, இருபது ஆண்டுகளில் சுமார் 380 சபைத் தலைவர்கள், தொண்டர்கள் மீது குற்றச்சாட்டுகள், 700-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் என்று அடுக்கடுக்காக எழுதிய பிறகு, 2021 கூட்டத்தில் பிரதிநிதிகள் செயற்குழுவையே விசாரிக்கச் சொல்லி வாக்களித்தார்கள். கைட்போஸ்ட் என்ற வெளி நிறுவனம் விசாரித்தது. அதில் வெளிவந்த ஒரு விஷயம் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை. பட்டியல் போட முடியாது என்று மேடையில் சொன்ன அதே அலுவலகத்தில், 2007 முதலே ஓர் ஊழியர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைச் செய்தி வரும்போதெல்லாம் பெயர், மாநிலம், ஆண்டு என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். 703 பெயர்கள். அதில் 409 பேர் ஏதோ ஒரு காலத்தில் இந்தப் பிரிவின் சபைகளோடு தொடர்புடையவர்கள். வெளியிட்டபோது 205 பக்கம் வந்தது. யாருக்காக அந்தப் பட்டியல்? எந்தச் சபைக்கும் அது அனுப்பப்படவில்லை. வழக்கு வந்தால் தெரிந்திருக்கவேண்டும் என்ற முன்ஜாக்கிரதை தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

சுயாட்சி என்ற வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பாப்டிஸ்ட் மரபில் பேராயர் கிடையாது. மேலிருந்து போதகரை மாற்றல் செய்யும் மறைமாவட்டமும் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையோடு முரண்பட்டுப் பிரிந்தவர்கள், சிறையும் அபராதமும் கண்டவர்கள், விட்டுவைத்த சொத்து அது. சபை தன் போதகரைத் தானே அழைக்கும், தானே அனுப்பும். ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவரைக்கூட அவர்கள் 'டெலிகேட்' என்று சொல்வதில்லை, 'மெசஞ்சர்' என்பார்கள். சபை தன் அதிகாரத்தைக் கொடுத்து அனுப்பவில்லை, ஆளை மட்டும் அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். மதிக்கத்தக்க மரபு.

ஆனால் அந்த மரபு எப்போது நினைவுக்கு வருகிறது, எப்போது மறந்துபோகிறது என்று பார்க்கவேண்டும். 2023 நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் லிண்டா பார்ன்ஸ் பாப்பம் மைக் முன் நின்றார். கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரின் ஃபெர்ன் கிரீக் சபைக்கு முப்பது ஆண்டுகளாகப் போதகர். அவர் சபை செய்த குற்றம், போதகராக ஒரு பெண்ணை வைத்திருந்தது. போதகர் பதவி ஆண்களுக்கே என்கிறது 2000-ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை. மேல்முறையீடு செய்ய அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். மறுநாள் காலை எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது: நீக்கச் சொல்லி 9,700 வாக்குகள், எதிர்த்து 806. அதே காலையில் ரிக் வாரன் தொடங்கி வளர்த்த சேடில்பேக் சபைக்கும் அதே கதி, 9,437-க்கு 1,212. அமெரிக்காவிலேயே பெரிய சபைகளில் ஒன்று அது. அடுத்த ஆண்டு வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா சபை. பெண் போதகருள்ள சபைகளுக்கு இடமில்லை என்று அமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைக்கும் திருத்தம் 2024-லும் 2025-லும் தோற்றது உண்மைதான். தோற்றதற்குக் காரணம் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. கிடைத்தது இரண்டு முறையும் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். திருத்தம் இல்லாமலே நீக்க முடிகிறபோது அது யாருக்கு வேண்டும் என்று சிலர் வாக்களிக்காமல் விட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

யாரைப் போதகராக வைக்கலாம் என்பது அவர்கள் வேதம், அவர்கள் வாதம். தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது; 2013-இல் ஒரு பெண்ணைப் பேராயராகவும் ஆக்கியது. அதனால் நமக்கு இந்தச் சண்டை கொஞ்சம் பழையதாகத் தெரியலாம். அதை விடுவோம். நாம் கேட்பது ஒன்றுதான். ஒரு சபை தன் மேடையில் யாரை நிறுத்துகிறது என்று பார்த்து அதை வெளியேற்ற ஒரு தேசியக் கூட்டத்துக்கு உரிமை இருக்குமானால், அந்த நேரத்தில் சுயாட்சி எங்கே போயிருந்தது?

இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. அதே 2023 காலையில் மூன்றாவதாக ஒரு சபை நீக்கப்பட்டது. பாலியல் குற்றச்சாட்டு ஒன்றை விசாரிக்க ஒத்துழைக்கவில்லை என்பதற்காக, 9,984-க்கு 343 வாக்குகளில். அன்றைய மூன்றில் அதிக வித்தியாசம் அதில்தான். ஆக, அரங்கில் உட்கார்ந்திருந்த சாதாரண உறுப்பினருக்கு எது பெரிய குற்றம் என்று தெரிந்தே இருக்கிறது. வழியில் நிற்பது அலுவலகமும் வக்கீல்களும்தான்.

சுயாட்சி இருப்பதால்தான் பட்டியல் இன்னும் அவசியமாகிறது என்பது நம் வாதம். ஒரு சிறிய ஊர்ச் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு எழுபது பேர். போதகர் ஓய்வுபெற்றுவிட்டார். புதியவரைத் தேட ஆறு பேர் கொண்ட குழு போடுகிறார்கள்: ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு விவசாயி, டிராக்டர் பட்டறைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், இப்படி. விண்ணப்பம் ஒன்று வருகிறது, நல்ல பிரசங்கப் பதிவோடு. முன்பு இருந்த சபைக்கு போன் போடுகிறார்கள். அங்கே எடுத்தவர் சற்றுத் தயங்கிவிட்டு, "நல்ல மனுஷர்தான், எங்களுக்குள்ள சின்ன மனஸ்தாபம், அவ்வளவுதான்" என்கிறார். கெட்டபெயர் தங்கள் சபைக்கும் வந்துவிடுமே என்ற பயம் அவருக்கு. இந்த ஆறு பேருக்கு மேலே கேட்க ஆள் இல்லை. பேராயர் அலுவலகம் இல்லை, பணிப்பதிவேடு இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றிப் பத்து வீட்டில் விசாரிக்கிற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நாம். அந்தப் பத்து வீடும் வாய் திறக்காவிட்டால் என்னாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டியல் அந்த ஆறு பேருக்கு ஆணையிடாது. அவரை எடுக்காதே என்று சொல்லாது. தெரிந்துகொண்டு முடிவெடு என்று மட்டும் சொல்லும்.

அவதூறு வழக்கு வரும், காப்பீடு கிடைக்காது என்பது இப்போதைய பதில். பொய்யாகப் பெயர் சேர்ந்துவிடும் அபாயம் உண்மையானது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் வேண்டும். ஆனால் தண்டனை பெற்றவர்? குற்றத்தை ஒப்புக்கொண்டவர்? ஹூஸ்டன் கிரானிக்கிள் அப்படிப்பட்ட சுமார் 220 பேரை 2019-லேயே நீதிமன்ற ஆவணங்களோடு, யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. ஒரு நாளிதழுக்கு முடிந்தது, 2024 கணக்கில் 1 கோடியே 27 லட்சம் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்புக்கு முடியாதா? கிரானிக்கிள் செய்திக்குச் சில நாள் முன்பு, அதே ஆண்டு ஜனவரி கடைசியில், டெக்சாஸ் மாநிலக் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுள்ள குருக்களின் பெயர்களை ஒரே நாளில் வெளியிட்டன. கத்தோலிக்கர்கள் விரும்பிச் செய்தார்கள் என்று சொல்லமாட்டோம். பாஸ்டனில் குருக்களின் சிறார் பாலியல் குற்றங்கள் அம்பலமாகி, 2002 ஜூனில் அவர்களுடைய ஆயர்கள் கூடிச் சிறார் பாதுகாப்புச் சாசனத்தை நிறைவேற்றினார்கள். கூடிய ஊர் இதே டாலஸ்.

டாலஸ் கூட்டத்தில் காசும் பேசியது. சபைகள் காணிக்கையில் ஒரு பங்கைச் சேர்த்துப் போட்டு மிஷனரிகளை அனுப்பும் கூட்டுத் திட்டம் தொடங்கி 2025-இல் நூறு ஆண்டு. அந்தப் பெருமைக்குரிய நிதியிலிருந்தே 30 லட்சம் டாலரை வழக்குச் செலவுக்கு ஒதுக்க ஒப்புதல் தரப்பட்டது. பாட்டி ஒருத்தி காணிக்கைப் பையில் போடும் பத்து டாலர் நோட்டில் ஒரு சில்லறை இனி வக்கீல் கட்டணம். மத்திய நீதித்துறை 2022-இல் தொடங்கிய விசாரணை 2025 மார்ச்சில் செயற்குழு மீது வழக்கில்லாமல் முடிந்துவிட்டது. 

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு பெண் இறந்துபோனார். இந்தப் பிரிவின் பதிப்பகத்தில் உயர்பதவியில் இருந்தவர். செமினரி நாட்களில் தனக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததாக அவர் 2019-இல் வெளியில் சொன்னபோது, இந்தப் பிரிவின் சொந்தச் செய்தி நிறுவனம் அதைத் தகாத உறவு என்ற தொனியில் மாற்றி எழுதியது. பிறகு செய்தியைத் திரும்பப் பெற்றார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அவர் வேலையும் பெயரும் போய்விட்டிருந்தன. இறக்கும்போது வயது நாற்பத்தேழு.

இதில் தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1956-இல் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் பெருங்கூட்டங்களில் பிரசங்கித்த பில்லி கிரகாம் சதர்ன் பாப்டிஸ்ட் போதகர்தான். அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் பெரிய திருச்சபைகளுக்கு வெளியே, யாருக்கும் கட்டுப்படாத தனிச் சபைகள் தெருவுக்குத் தெரு நடக்கின்றன. போதகர் ஓர் ஊரில் பிரச்சினை என்றால் அடுத்த ஊரில் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம். சிறார் மீதான குற்றம் தெரிந்தும் சொல்லாதிருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. எத்தனை சபை மூப்பர்களுக்கு அது தெரியும்?

சதர்ன் பாப்டிஸ்ட்கள் பிறந்ததே 1845-இல், அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில், ஆகலாம் என்ற பக்கம் நின்று. அதற்கு மன்னிப்புக் கேட்டது 1995-இல். நூற்றைம்பது ஆண்டு. பட்டியலுக்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள இந்த முறை அவகாசம் இல்லை. 2006-இல் 1 கோடியே 63 லட்சமாக இருந்த உறுப்பினர்கள் ஆண்டுக்காண்டு கழன்றுகொண்டே இருக்கிறார்கள். டாலஸுக்கு அடுத்த கூட்டம் 2026 ஜூனில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில். எந்த ஆண்டுக் கூட்டத்திலும் எந்த மெசஞ்சரும் மைக் முன் போய் ஒரு வரி முன்மொழிவு கொண்டுவரலாம்: நீதிமன்றம் தண்டித்தவர்கள், தாமே ஒப்புக்கொண்டவர்கள் பெயரை, மற்றவர்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று மாதத்தில் வெளியிடு. ஃபெர்ன் கிரீக்கை நீக்க வாக்களித்த 9,700 பேரைப் போல ஒரு பெரும்பான்மை வாக்களித்தால் போதும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.