மறுக்கவும் வழி இருந்ததா?

மனைவியைப் பறிகொடுத்துத் துக்கத்தில் ஆழ்ந்து கிடக்கிறார் ஒருவர். போக்கிடம் இல்லாமல் அவர் வாசலுக்கு வந்து சேர்கிறாள் ஓர் இளம்பெண். அவர் பிள்ளைகளுக்குத் தாயாகிறாள், அணைந்த அடுப்பை மூட்டுகிறாள், ஒருநாள் அவர் சிரிப்பதைப் பார்க்கிறாள். சரித்திரப் பின்னணியில் எழுதப்படும் காதல் கதைகளில் இந்த அச்சுக்கு எல்லா மொழிகளிலும் வாசகர்கள் உண்டு. நம் வார இதழ்த் தொடர்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இதைப் பலமுறை வார்த்தெடுத்திருக்கின்றன. இரண்டு காயங்கள் ஒன்றையொன்று ஆற்றுகின்றன என்கிற நம்பிக்கை மனத்துக்கு இதமானது. அதைப் பழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தக் கதைகள் ஆணின் துயரத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கின்றன. பெண்ணுக்கு ஏன் வேறு வழி இல்லாமல் போனது என்பதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. கடந்த காலத்தில் வைத்துச் சொல்லப்படும் இத்தகைய உறவு காதலா, அடைக்கலமா என்று தீர்மானிக்க அவர் எவ்வளவு அழுதார் என்று பார்த்துப் பயனில்லை. அவளால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா, சொல்லிவிட்டுப் பிழைத்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இது கற்பனைக் கேள்வி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புனேயில் நடந்த ஒரு திருமணம் இதற்கு விடை தருகிறது.

அந்தத் திருமணத்துக்குப் போகும் முன் அந்தக் காலத்தின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். மனைவியை இழந்த உயர்சாதி ஆணுக்கு மறுதாரம் சில வாரங்களில் கிடைத்துவிடும். முதல் மனைவியின் ஆண்டுத் திதி வரும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. கணவனை இழந்த பெண்ணுக்கோ, எட்டு வயதானாலும் இருபத்தெட்டு வயதானாலும், மழித்த தலையும் ஒருவேளைச் சாப்பாடும் சமையலறை மூலையும்தான். 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் இந்த வேலியைத் திறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. திறந்தது உண்மை. ஆனால் மறுமணம் செய்துகொள்ளும் விதவை, இறந்த கணவரின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்று அதே சட்டம் எழுதி வைத்தது. மறுதாரம் கொள்ளும் ஆண் ஒரு பைசாகூட இழக்கவில்லை. இந்த ஓரவஞ்சனையை அன்றே ஒரு பெண் பெயர் சொல்லிக் கேட்டார். சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் விதவைக்கு, பெற்ற சிசுவைக் கொன்றதாகத் தண்டனை விதிக்கப்பட்டது. அதைப் பத்திரிகைகள் பெண்குலத்தின் ஒழுக்கக்கேடாகத் திரித்து எழுதின. தாராபாய் ஷிண்டே கொதித்தெழுந்து 1882இல் ‘ஸ்திரீ புருஷ துலனா’ என்ற மராத்தி நூலை வெளியிட்டார். மனைவி செத்தால் ஆணுக்கு இல்லாத விலக்கு, கணவன் செத்தால் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பது அவர் எழுப்பிய வாதத்தின் மையம்.

சீர்திருத்தக்காரர்களே இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை என்பதற்கு மகாதேவ கோவிந்த ரானடேயின் வாழ்க்கை சாட்சி. விதவை மறுமணத்துக்காக வெளிப்படையாக வாதாடியவர் அவர். 1873இல் அவர் மனைவி இறந்தபோது அவருக்கு வயது 31. மகன் எங்கே ஒரு விதவையை மணந்துவிடுவாரோ என்று அஞ்சிய தந்தை அவசர அவசரமாகப் பெண் பார்த்தார். ரானடே மறுத்துப் பார்த்தார், பிறகு பணிந்தார். மணமகளுக்கு வயது 11. ரானடேயின் துக்கம் பொய்யானதல்ல. தந்தையின் மீது வைத்த பாசமும் பொய்யானதல்ல. ஆனால் அந்தத் துக்கத்துக்கு மருந்தாக ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அவளிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. பதினொரு வயதில் கேட்டிருந்தாலும் அவள் சொல்லும் பதிலுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

இருபது ஆண்டுகள் கழித்து, ரானடே வாழ்ந்த அதே புனேயில், அவருடைய அதே சித்பாவன பிராமணச் சமூகத்தில், வேறொரு திருமணம் நடந்தது. தோண்டோ கேசவ கார்வே, கொங்கணக் கரையில் முருட் என்ற ஊரைச் சேர்ந்தவர். பதின்வயதில் அவருக்கு மணமுடிக்கப்பட்ட ராதாபாய் 1891இல் இறந்துபோனார். மகன் ரகுநாத்துக்கு அப்போது ஒன்பது வயது. அதே ஆண்டில்தான் கார்வே பெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். மறுமணம் செய்தால் விதவையைத்தான் மணப்பேன் என்று அவர் உறுதியாக இருந்தார். அவருடைய நண்பர் நரஹர்பந்த் ஜோஷியின் தங்கை கோதுபாய். எட்டு வயதில் திருமணம், மூன்றே மாதங்களில் கைம்மை. கணவன் முகம்கூட நினைவில் நில்லாத வயதில் பட்டம் கட்டப்பட்டு, புகுந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். கதையாசிரியர் ஒருவர் இந்த இரண்டு வாழ்க்கைகளையும் கண்டால், முருட் கடற்கரையில் இருவரையும் சந்திக்க வைத்து அந்த அச்சில் உடனே ஊற்றிவிடுவார். அப்படி ஊற்றும்போது அவர் விட்டுவிடக்கூடிய ஓர் இடம்தான் இந்த உறவின் திறவுகோல். கோதுபாய் புகுந்த வீட்டின் சமையலறையிலிருந்து நேராகக் கார்வேயின் வீட்டுக்கு வரவில்லை. நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

பண்டித ரமாபாய் 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். தாமே இளம் வயதில் கணவரை இழந்தவர். சம்ஸ்கிருதப் புலமையால் கல்கத்தாவைத் திகைக்க வைத்தவர். அமெரிக்கா சென்று உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி 1887இல் ஆங்கிலத்தில் நூல் எழுதி, நிதி திரட்டிக்கொண்டு திரும்பியவர். அந்தச் சதனத்தில் சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய். அண்ணன் கொண்டுவந்து சேர்த்தார். எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. சில ஆண்டுகள் அங்கே படித்தார். சதனம் புனேவுக்கு இடம் மாறியபோது அவரும் போனார். அங்கே அவருக்குப் பாயும் சாப்பாடும் படிப்பும் தோழிகளும் இருந்தன. படிப்பை முடித்தால் ஆசிரியையாகப் பிழைக்கலாம் என்ற எதிர்காலமும் இருந்தது. கார்வேயுடன் திருமணம் என்ற பேச்சு வந்தபோது அவர் நின்றிருந்த தரை அது. மறுத்திருந்தால் தெருவில் நின்றிருக்க மாட்டார். மறுநாள் காலை வழக்கம்போல வகுப்புக்குப் போயிருப்பார். 1893 மார்ச் 11 அன்று திருமணம் நடந்தது. கார்வேக்கு 34 வயது, மணமகளுக்கு இருபதுகளின் பிற்பகுதி. ஆனந்திபாய் என்ற புதுப்பெயர் அவருக்கு அமைந்தது. அவர் சொன்ன சம்மதத்துக்கு எடை இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தச் சம்மதத்தின் விலையும் சிறியதல்ல. முருட் ஊரார் கூடிக் கார்வேயைச் சாதிவிலக்கு செய்தார்கள். அவரோடு உறவாடினால் தாயையும் உடன்பிறந்தாரையும் விலக்குவோம் என்று மிரட்டினார்கள். விதவையாக ஒடுங்கிக் கிடந்திருந்தால் ஆனந்திபாயை ஊர் மறந்திருக்கும். பொட்டும் பூவும் வைத்துக் கணவரோடு வந்ததைத்தான் மன்னிக்க மறுத்தது. சென்னைப் பட்டணத்தில் ‘இந்து’, ‘சுதேசமித்திரன்’ இதழ்களைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889இல் விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்து, சொந்தக்காரர்களாலேயே ஒதுக்கப்பட்ட கதை தமிழ் வாசகருக்குத் தெரியும். அதே சூடுதான் முருடிலும்.

ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாயின் வாழ்க்கை இந்த வாதத்துக்கு இன்னும் உறுதி சேர்க்கிறது. அவரும் இளம் விதவை, ஒரு மகனுக்குத் தாய். கார்வே 1896இல் விதவைகளுக்கான ஆசிரமத்தைத் தொடங்கினார். 1900இல் அது புனேக்கு வெளியே ஹிங்கணே கிராமத்துக்குப் போனது. பார்வதிபாய் அங்கே படித்தார், பிறகு அதன் தூண்களில் ஒருவரானார். ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார், அதற்காக அமெரிக்காவரை பயணம் செய்தார், தன் கதையைத் தானே எழுதினார். அக்காள் நடந்த பாதை கண்முன்னே இருந்தும் அவர் மறுமணத்தை நாடவில்லை. ஒரே வீட்டில் பிறந்து ஒரே விதியால் அடிபட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி மணந்தாள், ஒருத்தி மணக்கவில்லை. இருவருமே முழு வாழ்க்கை வாழ்ந்தார்கள். நம் சகோதரி சுப்பலட்சுமியும் இந்த இரண்டாம் பாதையில் நடந்தவர்தான்: குழந்தை விதவை, 1911இல் பட்டதாரி, அடுத்த ஆண்டே சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்தவர். இப்படி ஒரு பாதை இருக்கும்போதுதான் மற்றப் பாதையில் போகிறவளின் விருப்பத்தை விருப்பம் என்று நாம் நம்ப முடியும்.

இதையெல்லாம் காதல் என்று சொல்வதே தவறு என்பார்கள் சிலர். கார்வே கொள்கைக்காக மணந்தார், பேசி முடித்தவர்கள் அண்ணனும் தந்தையும், இதில் மனம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். நியாயமான ஐயம்தான். விதவையை மணப்பது என்ற முடிவு முதலில் வந்தது, இந்த விதவை என்பது பிறகுதான் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கண்டதும் நெஞ்சு பதறுவது மட்டுமே காதல் என்றால், நம் நாட்டில் வாழ்ந்து மறைந்த பெரும்பாலான தம்பதியருக்குக் காதல் வாழ்க்கையே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஊர் முழுக்க எதிர்த்து நின்றபோதும் விலகாமல், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையொருவர் தாங்கியும் ஒருவரோடொருவர் சண்டையிட்டும் வாழ்ந்த இருவருக்கு அந்தப் பெயரைத் தர நான் தயங்க மாட்டேன்.

இது பிராமண வீடுகளின் பிரச்சினை, இதைப் பொதுக்கதையாக்குவானேன் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக்கட்டும் வழக்கம் சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. விதவைக்கு அங்கே வாழ்க்கை அடியோடு முடிந்துவிடவில்லை. கார்வேயின் ஆசிரமம் தொடக்கத்தில் பிராமண விதவைகளை மனத்தில் வைத்தே நடந்தது என்ற குறையும் உண்மை. அவருக்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே, 1863இல், புனேயில் கருவுற்ற விதவைகளுக்குப் புகலிடம் திறந்து, அவர்கள் பிள்ளைகளையும் காத்தவர்கள் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும். இந்த வரலாற்றைச் சொல்லாமல் கார்வேயை மட்டும் புகழ்வது அநீதி. என்றாலும் மேலே ஏற விரும்பிய சாதிகள் பலவும் விதவையை ஒடுக்கும் இந்தத் தடையை எடுத்துக்கொண்டன என்பதையும் மறக்கக் கூடாது. மாற்று வழி இருந்ததா என்ற கேள்வியை எந்தச் சாதிக் கதைக்கும் போட்டுப் பார்க்கலாம். அறுத்துக்கட்டும் உரிமை இருந்த பெண்ணையும் கொழுந்தனுக்கே கட்டிவைத்த இடங்களில் அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும்.

பழைய காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பது எப்போதும் வரும் மூன்றாம் மறுப்பு. நான் எடுத்தது இன்றைய அளவுகோல் அல்ல. தாராபாய் ஷிண்டே 1882இலேயே கையில் வைத்திருந்த கோல் அது. ரானடேயும் கார்வேயும் ஒரே ஊரில், ஒரே தலைமுறை இடைவெளிக்குள், ஒரே கேள்வியை எதிர்கொண்டு வேறு வேறு பதில் சொன்னவர்கள். ஆகவே காலத்தின் மேல் பழியைப் போட முடியாது. இதில் என்னை உண்மையிலேயே தயங்க வைப்பது ரானடேயின் அந்த இரண்டாம் மனைவி ரமாபாய் ரானடேயின் வாழ்க்கை. பதினொரு வயதில் கட்டிவைக்கப்பட்ட அந்தச் சிறுமிக்குக் கணவரே எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுப் பெண்கள் ஏசியும் எரிச்சல்பட்டும் பார்த்தார்கள். அவர் படிப்பை விடவில்லை. 1909இல் புனே சேவா சதனை நிறுவி வளர்த்தார். கணவரின் மறைவுக்குப் பின் 1910இல் அவர் எழுதிய நினைவு நூலில் பொங்குவது ஆழ்ந்த அன்பு. அதைப் பொய் என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது. வழியே இல்லாத இடத்திலும் அன்பு முளைத்திருக்கிறது என்பதற்கு அவர் சான்று. ஆனால் அந்த அன்பு அவர் உழைத்து வளர்த்தது. அதன் பெருமையை எடுத்து, அவரைக் கேட்காமல் கட்டிவைத்த ஏற்பாட்டின் தலையில் சூட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன். அந்த ஏற்பாடு இன்னொரு பெண்ணுக்கும் வழியை அடைத்தது: ரானடே மணந்திருக்கக்கூடிய, பெயர் தெரியாத ஏதோவொரு விதவை.

காதல் கதைகள் திருமணத்தோடு முடிந்துவிடுவதால் இன்னொரு நட்டமும் நேர்கிறது. கார்வே ஆசிரமத்தில் மறுமணத்தை வலியுறுத்தவில்லை, கல்வியையே முன்வைத்தார். அதனால் ஒரு கொடுமையான முரண் உருவானது. மறுமணம் செய்தவர் ஆசிரமத்தில் புழங்கினால் ஆசாரக் குடும்பங்கள் தங்கள் விதவைப் பெண்களை அனுப்பத் தயங்கும் என்று ஆனந்திபாய் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. விதவைகளுக்காகக் கணவர் கட்டிய வீட்டில், அவர் மணந்த விதவைக்கு இடமில்லை. கணவர் தம் சேமிப்பை ஆசிரமத்துக்குக் கொட்டிக் கொடுத்தபோது வீட்டுச் செலவைச் சமாளித்தவர் அவர். இந்த மனக்குறைகளை அவர் விழுங்கிக்கொள்ளவில்லை. 1944இல் வந்த ‘மாஜே புராண்’ என்ற தம் சுயசரிதையில் வெளிப்படையாகவே எழுதினார். கார்வேயும் தம் பங்குக்கு மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வாழ்க்கை வரலாறு எழுதினார். 1916இல் பெண்கள் பல்கலைக்கழகம் கண்டார். நூறு வயதில், 1958இல், பாரத ரத்னா பெற்றார். அதைக் காண ஆனந்திபாய் இல்லை, எட்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். இந்தத் தம்பதியைப் பற்றி நாவலோ படமோ எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பாரத ரத்னா பெற்றவரின் புத்தகத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். அவர்கள் மனைவியின் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும். ராதாபாயின் மரணத்தை முதல் காட்சியாக வைப்பதைவிட, இருபது வயதைத் தாண்டிய ஒருத்தி சாரதா சதனத்தில் பலகையும் குச்சியுமாக அமர்வதை முதல் காட்சியாக வைக்கட்டும். துக்கத்தில் இருக்கும் கணித ஆசிரியர் மூன்றாவது அத்தியாயத்தில் வந்தால் போதும்.